மாடனுக்கு ஒரு மிதமான சுருட்டு

மார்ச் 2, ஞாயிறு

டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இரண்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும். இதை வாயால் சொன்னால் ஆவுடை கொஞ்ச நேரம் கேட்பாள். அப்புறம் நான் ரொம்ப நேரம் கேட்க வேண்டியிருக்கும்.

மஸ்கட்டிலிருந்து மச்சினன் தங்கப்பழம் வந்திருக்கிறான். ஆவுடையின் தம்பி. அங்கே இரண்டு சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறான், மூன்றாவதைப் பற்றிப் பேசுகிறான். போன தடவை வந்தபோது காப்பியைப் பற்றி வகுப்பெடுத்தான். அதற்கு முந்தின தடவை ஆலிவ் எண்ணெய். இந்தத் தடவை ஒரு மரப்பெட்டியை என் மடியில் வைத்துத் திறந்தான். உள்ளே வரிசையாகச் சுருட்டு. ஒவ்வொன்றின் கழுத்திலும் தங்க நிறத்தில் ஒரு காகித மோதிரம். கல்யாணத்தில் இவர்கள் வீட்டில் எனக்குப் போட்ட மோதிரம் இதைவிட மெலிசு.

அமெரிக்காவுக்குக் கீழே ஏதோ ஒரு நாட்டில் கையால் சுருட்டியதாம். இலையைப் பறித்து வருஷக்கணக்கில் பொத்திப் பொத்தி வைத்திருந்து சுருட்டுவார்களாம். ‘மீடியம் பாடி’ என்றான். ரொம்பக் காரமும் கிடையாது, சப்பென்றும் இருக்காது, நடுவாந்தரம். நடுவாந்தரத்துக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறதென்று தெரிந்திருந்தால் நான் படிக்கிற காலத்தில் வாத்தியாரிடம் எடுத்துச் சொல்லியிருப்பேன்.

“அத்தான், இது குடிக்கிறதுக்கு இல்ல. ரசிக்கிறதுக்கு,” என்றான்.

நான் புகைக்கிற ஆள் கிடையாது. வருஷத்துக்கு ஒரு நாள், எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் மட்டும். எங்கள் வகையறாவுக்கு நான்தான் கோமரத்தாடி. அதாவது, மாடன் வந்து இறங்குகிற உடம்பு என்னுடையது. அன்றைக்கு என் வாய் வழியாகப் போகிற சுருட்டு மாடன் கணக்கு. மற்ற நாளெல்லாம் நான் வெறும் பலவேசம். பத்தாம் வகுப்பு பாஸ், அதற்கு மேல் முயற்சி செய்து ஃபெயில். பாளையங்கோட்டையில் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, இரண்டு கார், ஒரு மகள்.

தங்கப்பழம் விஷயத்துக்கு வந்தான். இந்த வருஷம் மாடனுக்குச் சுருட்டுப் படைப்பு அவன் பொறுப்பு. “எத்தன வருசமா அந்தக் கறுப்புக் கண்றாவியையே இழுப்பாரு, பாவம்,” என்று மாடனுக்காக வருத்தப்பட்டான். அடுத்தது, அவன் மகன் நிதினுக்கு என் மகள் செண்பகவல்லியைக் கேட்கிறான். முறைப்பெண். எங்கள் வகையறாவில் கல்யாணப் பேச்சைக் கொடையில் மாடன் முன்னால் வைத்து வாக்குக் கேட்பது வழக்கம். மாடன் ‘சரி’ என்றால் சரி.

மாடன் பேசுவது என் வாயால். அந்த வாய்க்குத்தான் பெட்டி வந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பத்தாம் வகுப்பே அதிகம்.

நான் என்ன சொன்னேன்? “அதுக்கென்ன தங்கப்பழம், செஞ்சிருவோம்” என்றேன். நான் எப்போதும் சொல்வதுதான்.

மார்ச் 4, செவ்வாய்

செண்பகம் எங்கள் பள்ளியில் பெண்களுக்குக் கார் கற்றுக்கொடுக்கிறாள். என்னைவிட நன்றாக. நான் கற்றுக்கொடுத்தவர்கள் லைசென்ஸ் வாங்குகிறார்கள், அவள் கற்றுக்கொடுத்தவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள். இப்போது கனரக வாகன லைசென்சுக்குப் போகிறாள். பெண்களுக்கு லாரியும் பஸ்ஸும் கற்றுக்கொடுக்கப் போகிறாளாம்.

இன்று காலை பயிற்சி மைதானத்தில் கார் கழுவும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “எனக்கு இஷ்டமில்லப்பா. நிதின்கிட்டயும் போன்ல பேசிட்டேன். அவனுக்கும் ஒண்ணும் பெரிசா இஷ்டமில்ல. ஆனா அவுங்க அப்பாகிட்ட வாயத் தொறக்க மாட்டான். நீங்க மாமாகிட்ட சொல்லிருங்க.”

நிதின் நல்ல பையன். அதுதான் சிக்கல். குடிகாரன், சூதாடி என்றால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் மஸ்கட்டில் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது தங்கப்பழத்தின் கட்டளை. ரோட்டில் நின்று ‘கிளட்ச மிதிம்மா’ என்று கத்துகிற மருமகள் அவன் அந்தஸ்துக்குச் சரிப்படாது.

“மாடன் சொல்லட்டும்மா,” என்றேன்.

“வெறும் வயித்துல வரிசையா சுருட்டு குடிச்சா யாருக்கும் யாராவது வரத்தான் செய்வாவ,” என்றாள். “நீங்க சொல்லுங்கப்பா. நீங்க.”

பெற்ற மகள் என்பதால் மாடனிடம் அவளுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் விரதம், கொட்டு, சாம்பிராணி எல்லாம் சேர்ந்து, சுருட்டுப் புகையை நெஞ்சு முட்ட இழுத்து, தலை கிறுகிறுக்கும்போதுதான் மாடன் வருவார் என்பது தற்செயல். இத்தனை வருஷமும் தற்செயல்தான்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் பாடம். இடம்: கார் ஷெட். தங்கப்பழம் ஒரு கருவியை எடுத்தான். பாக்குவெட்டிக்குப் பட்டணத்தில் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. சுருட்டின் தலையில் துளியூண்டு நறுக்கினான். நான் எப்போதும் பல்லால் கடித்துத் துப்புவேன் என்றதும், குழந்தையை நான் அடித்துவிட்ட மாதிரிப் பார்த்தான்.

பற்றவைக்க நீளத் தீக்குச்சி. தீயைச் சுருட்டில் படவிடக் கூடாது, பக்கத்தில் காட்டிக் காட்டிச் சூடேற்ற வேண்டுமாம். அப்பளம் சுடுகிற பக்குவம். அப்பளமாவது கடைசியில் கையில் மிஞ்சும்.

“உள்ள இழுக்காதீங்க அத்தான். வாயில வச்சு உருட்டி, வெளிய விட்டுருங்க. நெஞ்சுக்குப் போவக் கூடாது.”

முப்பது வருஷமாக நெஞ்சுக்கு அனுப்பியே பழகிய வாய். முதல் இழுப்பு நேராக உள்ளே போனது. இருமியதில் அடுத்த வீட்டு நாய் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, முதல் பாகத்தில் தேவதாரு மரம் தெரிகிறது என்றான். நடுப்பாகத்தில் தோல் வாசனை வருமாம். தோல் வாசனை வேண்டுமென்றால் செருப்புக் கடைக்குள் போய் மூச்சு விட்டால் போதாதா? “உங்களுக்கு என்ன தெரியுது?” என்று கேட்டான். புகை தெரிகிறது என்றேன். “பழகும்,” என்றான், என்னைவிடப் பத்து வயது இளையவன்.

மார்ச் 10, திங்கள்

மூன்று தடவை பல் துலக்கியும் வாடை போகவில்லை. ஆவுடை தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். தம்பி கொண்டுவந்த சுருட்டு என்பதால் சத்தம் போடாமல் போனாள்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாம் பாடம். இந்தத் தடவை வாயிலேயே நிறுத்திவிட்டேன். மீன் முள்ளை ஒதுக்குகிற மாதிரி நாக்கால் புகையை ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு இவ்வளவு பாவனை எதற்கு என்று தெரியவில்லை.

சாம்பலைத் தட்டக் கூடாதாம். நல்ல சுருட்டின் சாம்பல் விரற்கடை நீளத்துக்குத் தானாக நிற்குமாம், அதில்தான் சுருட்டியவன் கைத்திறன் தெரியுமாம். தங்கப்பழம் தன் சாம்பலை அலகு குத்திக்கொண்டவன் மாதிரி அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டையில் விழுந்தது. சட்டை விலையையும் சொன்னான்.

என்ன தெரிகிறது என்று கேட்டான். தெருமுனையில் மணலில் வறுக்கிற கடலையை மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து மோந்த மாதிரி இருக்கிறது என்றேன், கேலியாக. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “கரெக்ட் அத்தான், கடல வாசம், அதான் நட்டி நோட்டு,” என்றான். கேலிக்கு மார்க் போடுகிற பரீட்சையை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆனால் கடலை இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

தங்கப்பழம் மதுரைக்குப் போயிருக்கிறான். நான் ஒன்றை எடுத்துக்கொண்டு பயிற்சிக் காரில் ஆற்றங்கரைக்குப் போனேன். ரசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். கொடை அன்றைக்கு அத்தனை சனத்துக்கு முன்னால் மாடன் இந்தச் சீமைச் சரக்கில் இருமினால் எனக்கு அவமானம். ஆகவே பயிற்சி.

நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, அவசரப்படக் கூடாது. முதலில் கடலை. பாதிக்கு வரும்போது பாலில்லாத காப்பி, அடிநாக்கில் கொஞ்சம் கருப்பட்டி. கடைசியில் ஒரு மிளகு கடிபட்ட மாதிரி. தலை சுற்றவில்லை. சூரியன் இறங்கியது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் யாருக்கும் ‘சரி’ சொல்லவில்லை.

இதற்கு இவ்வளவு விலை கொடுக்கிற முட்டாள்களை நினைத்துச் சிரித்தேன். பிறகு, காகித மோதிரம் கருகாமல் இருக்க அதைக் கழற்றிவிட்டு மிச்சத்தையும் முடித்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆவுடை புடவை நிறம்வரை போய்விட்டாள். மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர். செண்பகம் அந்த இடத்தைவிட்டு எழுந்துபோனதை வெட்கம் என்று முடிவுசெய்தாள்.

“என்னங்க, மாடன் நல்ல வாக்குதான் சொல்லும். இருந்தாலும் நீங்க முன்னக்கூட்டி ஒரு வார்த்த அதுகிட்ட சொல்லி வையுங்களேன்,” என்றாள்.

மாடனுக்கும் சிபாரிசு. பதவியில் இருப்பவருக்கு எப்போதும் வீட்டிலிருந்துதான் தொல்லை.

செண்பகத்துக்கு இஷ்டமில்லை என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். “தோசை இன்னொண்ணு போடு” என்று வந்தது.

ஏப்ரல் 9, புதன்

செண்பகம் கனரக வண்டித் தேர்வில் பாஸ். லாரியைப் பின்னால் எடுத்து, கோட்டுக்குள் ஒரே தடவையில் நிறுத்தினாளாம். பார்த்துக்கொண்டிருந்த டிரைவர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டார்கள். லட்டு வாங்கினேன். தங்கப்பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு, “நல்லது, ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும்” என்றான்.

நான் பல்லைக் காட்டினேன். கற்றுக்கொடுக்கிறவன் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருக்கிற காரில் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், இங்கே மிதிக்கக் கால் வரவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

கொடைக்குப் பந்தல்கால் ஊன்றுகிற கால்நாட்டு. இன்றிலிருந்து விரதம், ஒரு வேளைச் சோறு, தரையில் படுக்கை. எங்கள் மாடன் கோயில் பைபாஸ் பாலத்துக்குக் கீழே இருக்கிறது. பாலம் வந்தபோது கோயிலை மாற்றச் சொன்னார்கள். மாடன் சம்மதிக்கவில்லை என்று வகையறா சொன்னது. இப்போது மாடனுக்கு மேலே நாலுவழிச் சாலை. கொட்டு நின்றால் லாரிச் சத்தம்.

கோயில் காரியம் பார்க்கிற உச்சிமாகாளி அண்ணாச்சி வழக்கமான கறுப்புச் சுருட்டுக் கட்டைக் கொண்டுவந்தார். தங்கப்பழம் அதை வாங்கி ஒரு ஓரமாக வைத்துவிட்டுத் தன் பெட்டியைத் திறந்து காட்டினான். அண்ணாச்சி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். “மாடனுக்கு ஒறைக்குமா?” என்று கேட்டார்.

ஒரு மாதமாக இந்தச் சுருட்டைப் பற்றி நடந்த பேச்சில் உருப்படியான கேள்வி இது ஒன்றுதான். தங்கப்பழம் பெட்டியை மூடினான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

செண்பகம் எனக்கு விரதச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். “மாடன் சரின்னு சொல்லிட்டா?”

“சொல்லாது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆடும்போது பேசுனது ஒண்ணும் ஞாபகமில்லன்னுதான ஒவ்வொரு தடவையும் சொல்லுதிய?”

உண்மை. என்ன பேசினேன் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன வருஷம் ஒருவனை வீடு விற்கச் சொல்லியிருக்கிறேன். அவன் விற்றான். இன்றைக்கும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தால் கும்பிடுகிறான்.

அவள் மோரை ஊற்றினாள். கெஞ்சவில்லை, அழவில்லை. அவள் அம்மாவைப் போல ஒரு மூச்சு சண்டை போட்டிருந்தாலாவது ‘சரி’ என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

கை கழுவிவிட்டு, தங்கப்பழத்திடம் சொல்லிவிடுவதென்று தெருமுனை வரை போனேன். அங்கே வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் ஒருவரும் வெற்றிலை போடுவதில்லை.

ஏப்ரல் 26, சனி

நேற்றுக் கொடை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த வருஷம் எல்லாமே ஞாபகத்தில் இருக்கிறது என்பதுதான் வில்லங்கம்.

மத்தியானக் கொடை. நையாண்டி மேளம் ஏறியது, வில்லுப்பாட்டுக்காரர்கள் மாடனை அழைக்கிற வரத்துப் பாட்டை எடுத்தார்கள். எனக்குச் சாமியாடுகிற கால்சட்டையான சல்லடம் கட்டி, குல்லாய் வைத்து, கையில் வல்லயம் என்கிற ஈட்டியைக் கொடுத்தார்கள். தாம்பாளத்தில் தங்கப்பழத்தின் சுருட்டு, பக்கத்திலேயே அந்தச் சின்னப் பாக்குவெட்டி. மற்ற வருஷமென்றால் கறுப்புச் சுருட்டைக் கடித்துத் துப்பிவிட்டு, அண்ணாச்சி பந்தத்தில் பற்றவைத்துக் கொடுப்பதை ஒரே மூச்சில் நெஞ்சுக்குள் இழுப்பேன். அது எரியும், அடுத்தது எரியும், பாலம் சுற்றும், அப்புறம் நான் இல்லை.

நேற்று என் கை தானாகப் பாக்குவெட்டியை எடுத்தது. அளவாக நறுக்கியது. பந்தத்தைத் தூரப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டி, சுருட்டைத் திருப்பித் திருப்பிச் சூடேற்றினேன். இழுத்தேன். வாயில் உருட்டினேன். விட்டேன்.

கடலை.

உள்ளே இழு, உள்ளே இழு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வாய் கேட்கவில்லை. ஒரு மாதமாக ஒழுங்காகப் படித்த ஒரே பாடம் அது. ஆயுளில் முதல் தடவையாக ஒரு பாடம் மண்டையில் ஏறியது, அதுவும் ஏறக் கூடாத நாளில். கொட்டுக்காரர்கள் அடித்து அடித்து வேர்த்துவிட்டார்கள். நாகஸ்வரக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், இன்னும் எவ்வளவு நேரம் என்கிற மாதிரி. நான் காப்பிக்கு வந்திருந்தேன். கருப்பட்டி எட்டிப்பார்த்தது. நின்றபடி ரசிக்கச் சிரமமாக இருந்ததால் பலிபீடத்துப் பக்கம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். கெட்ட பழக்கம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது.

கொட்டு நின்றது. மேலே ஒரு கன்டெய்னர் லாரி போனது.

மாடன் வரவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவை. வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிறுகிறுப்பு இல்லை, ஒன்றுமில்லை. பலவேசம் மட்டும், பட்டுக் குல்லாயோடு. சனம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. ஒரு கிழவி, “சாந்தமா வந்திருக்காருடி இந்த வருசம்” என்று அழ ஆரம்பித்தாள்.

அண்ணாச்சி முன்னால் வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார். தங்கப்பழம் வகையில் மகன் நிதினுக்கு, பலவேசம் வகையில் மகள் செண்பகவல்லியை எடுக்கலாமா, மாடா, வாக்குச் சொல்லு.

துள்ளி ஆடி நடித்திருக்கலாம். நடிக்கத் தைரியம் வேண்டும். அந்தச் சரக்கு என்னிடம் இருந்திருந்தால் மார்ச் மாதமே காரியம் முடிந்திருக்கும். ‘அடுத்த வருஷம் சொல்லுதேன்’ என்று மாடன் பேரில் தவணை வாங்கலாமா என்றும் யோசித்தேன். ஆவுடை கையைக் கூப்பிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். தங்கப்பழம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செண்பகம் என்னைப் பார்க்கவே இல்லை. பாலத்துத் தூணில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்ல மாட்டேன் என்று அவள் முடிவுசெய்துவிட்டது அந்த நிற்பிலேயே தெரிந்தது. அதுதான் உறைத்தது. சுருட்டு உறைக்கவில்லை.

“இந்தச் சம்பந்தம் வேண்டாம்,” என்றேன். “பிள்ளைக்கு இஷ்டமில்ல.”

உறுமலில்லை, கர்ஜனையில்லை. கற்றுக்கொள்கிறவர்களிடம் ‘மெதுவா கிளட்ச விடுங்க’ என்பேனே, அந்தக் குரல்.

அப்புறம் ஒரு குலவை எழுந்தது. சனம் விழுந்து கும்பிட்டது. எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சி பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது: “பலவேசத்துக்கு மச்சினன எதுத்துப் பேச எங்க தைரியம் இருக்கு? இது மாடனேதாம்லா.”

முப்பது வருஷம் குதித்துக் குதித்து ஆடியபோது பாதிப் பேர் சந்தேகப்பட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் சொந்தக் குரலில் பேசினேன், வகையறா மொத்தமும் நம்பிவிட்டது. என் கோழைத்தனத்தில் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை.

தங்கப்பழமும் வந்து திருநீறு வாங்கினான். குனியும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. சுருட்டின் நுனியைப் பார்த்தான். சாம்பல் விரற்கடை நீளத்துக்கு உதிராமல் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. மாடன் சொன்னதாகவே இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லை. செண்பகத்துக்கு வேண்டியது நடந்துவிட்டது. சாப்பாடு போடும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், “யாருப்பா சொன்னது?” என்று. எனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றேன். வழக்கமான பதில்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ஜெயித்தவள் போகிற மாதிரி இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் தங்கப்பழம் வந்தான். பெட்டியில் கடைசியாக இருந்த இரண்டைக் கையில் வைத்திருந்தான். நாளைக்கு அவனுக்கு விமானம். கார் ஷெட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஆளுக்கொன்றாக நறுக்கிப் பற்றவைத்தோம். கொஞ்ச நேரம் அவன் தேவதாரு என்று சொல்லவில்லை, நானும் கடலை என்று சொல்லவில்லை. செண்பகம் வெளியே லாரிப் பயிற்சிக்கான போர்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

“அத்தான்,” என்றான் மெதுவாக. “சின்ன வயசுலேந்து மாடன் ஆடப் பாத்திருக்கேன். மாடன் உள்ள இழுக்கும். கொடலு வரைக்கும் இழுக்கும். நீங்க வாயிலயே வச்சு வெளிய விட்டிய.”

நான் சுருட்டைத் திருப்பிச் சாம்பலைப் பார்த்தேன்.

“அங்கனயே சொல்லிருப்பேன். சொன்னா, வெளிநாட்டுச் சுருட்டக் கொண்டாந்து மாடன வரவிடாமப் பண்ணிட்டான்னு என்னையத்தான் வெட்ட வந்திருப்பாவ.”

சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும், மீசை அசைந்தது. பிறகு நேராகப் பார்த்துக் கேட்டான்.

“மாடன் சொன்னதுன்னா கும்பிட்டுட்டு போயிருதேன். எனக்கு அதுல ஒரு கொறையுமில்ல. நீங்க சொன்னதுன்னா, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. சாமியா, நீங்களா?”

பாருங்கள், எவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைத்திருந்தான். ‘மாடன்’ என்று ஒரு வார்த்தை போதும். அவன் மரியாதையோடு மஸ்கட் போவான், ஆவுடை சாமி குத்தத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வாள், நான் எப்போதும்போல எல்லாருக்கும் நல்லவன். புகையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தேன். மிளகு வந்துவிட்டது. வெளியே பிரஷ் சத்தம் நின்றுவிட்டது.

“நாந்தான் தங்கப்பழம். எம் மவளுக்கு இஷ்டமில்ல. அவ இங்கன லாரி ஓட்டச் சொல்லிக் குடுக்கப் போறா. எனக்கும் அதுதான் இஷ்டம். ஒங்கிட்ட மொதல்லயே சொல்லிருக்கணும். பயந்துக்கிட்டுச் சொல்லல.”

கூட ஒரு ‘தப்பா எடுத்துக்கிடாத’ போடலாமென்று நாக்கு துடித்தது. போடவில்லை.

அவன் சுருட்டை அணைக்கவில்லை. நல்ல சுருட்டை நசுக்கக் கூடாதாம், தானாகச் சாக விட வேண்டுமாம். ஷெட் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தான். “நிதினும் என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டான்,” என்றான், யாரிடமோ சொல்வது மாதிரி. பிறகு, “கடலன்னு கரெக்டா சொன்னிய அத்தான். எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு அது தெரிய,” என்றான். கேட்டைத் திறந்து போனான். கோபமாகத்தான் போனான். ஆனால் கேட்டைச் சாத்திவிட்டுப் போனான்.

செண்பகம் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். கையெல்லாம் மஞ்சள் பெயின்ட். “அப்போ வெள்ளிக்கிழம கொடையிலயும் நீங்கதான்,” என்றாள்.

“ஆமா. ரெண்டு தடவையும்.”

அவள் போர்டுக்குத் திரும்பிப் போனாள். அதற்கப்புறம் எழுதிய எழுத்தெல்லாம் கோணலாக இருக்கிறது. அழித்து எழுத வேண்டும்.

இனி ஆவுடை. எல்லாவற்றையும் அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள். திருநீற்றுத் தட்டையும் கற்பூரத்தையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. என் நெற்றியில் பட்டையாகப் பூசி, கற்பூரத்தைக் காட்டி, “மாடா, கொட முடிஞ்சிட்டு. எறங்கிப் போயிருய்யா. எம் புருசன விட்டுரு. மலையேறிரு,” என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் தம்பியிடம் அப்படிப் பேசுகிற ஆளை அவள் கட்டிக்கொண்டு வரவில்லை.

“ஆவுடை,” என்றேன். “நாந்தாண்டி.”

உற்றுப் பார்த்தாள். இடது கண், வலது கண், மறுபடி இடது. கற்பூரம் அணைகிற வரை பார்த்தாள். பிறகு தட்டைக் கார் பானட்மேல் டங்கென்று வைத்தாள்.

“அப்ப நான் உங்ககிட்டத்தான் சண்ட போடணும்,” என்றாள். போட்டாள். மாம்பழ நிறப் புடவையில் தொடங்கி, அவள் அப்பா என்னைப் பெண் பார்க்க வரச் சொன்ன நாள்வரை பின்னால் போனாள். தம்பி இனி வருவானா என்று கேட்டு அழுதாள். தெரியாது என்றேன்.

சண்டை மத்தியானம் வரை நடந்தது. நடுவில் காப்பி வந்தது, சர்க்கரை இல்லாமல். குடித்தேன். எங்கள் வீட்டில் இவ்வளவு நீளமான சண்டை இதற்கு முன் நடந்ததில்லை. முன்பெல்லாம் அவள் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நான் ‘சரி’ என்று சொல்லியிருப்பேன்.

இன்றைக்குச் சொல்லவில்லை.